"கரண்ட் வெச்சாங்க"

அவருக்கு 38 வயது, பெருங்குடலில் புற்றுநோய். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டேன். "யாருக்கும் கிடையாதுங்க டாக்டர்" என்றார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

அடுத்த முறை துணைக்கு அவருடைய அத்தை, அப்பாவின் சகோதரி, வந்திருந்தார். "இவன் அப்பா வயித்துக் கட்டியில போயிட்டாரு, நாப்பத்தஞ்சுகூட ஆகல. எனக்கே கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க, அப்புறம் கரண்ட் வெச்சாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். கரண்ட் வைப்பது என்றால் கதிர்வீச்சு சிகிச்சை. முதல் முறை யாருக்கும் இல்லை என்றபோது நோயாளி பொய் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் புற்றுநோய் என்ற சொல்லை வாயால் சொன்னதே இல்லை.

ஒரே குடும்பத்தில் குடலிலும் கருப்பையிலும், அதுவும் சின்ன வயதிலேயே வந்தால், எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது லிஞ்ச் சிண்ட்ரோம். செல் பிரியும்போது டி.என்.ஏ.வில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் ஜீன்கள் உண்டு. அவற்றில் ஒன்று பழுதாகவே பிறப்பதுதான் இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. கர்ப்பப்பை நோய் அம்மா வழியில்தான் வரும் என்று நினைத்து, அப்பா வழியைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

இந்த நோயின் கதையே ஒரு தையல்காரப் பெண்ணிடம்தான் தொடங்குகிறது. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் மருத்துவரிடம், தன் வீட்டில் பலர் குடலிலும் கருப்பையிலும் புற்றுநோய் வந்து இறந்ததைச் சொல்லி, தானும் அப்படித்தான் போவேன் என்றார் அந்தப் பெண். அப்போது அவர் நன்றாகத்தான் இருந்தார். பின்னாளில் கருப்பைப் புற்றுநோயில்தான் இறந்தார். வார்த்தின் 1913இல் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதினார். பிழை திருத்தும் ஜீன்களில் ஒன்றான எம்.எஸ்.எச்.2இல் அவர்களுக்கு இருந்த பழுதைக் கண்டுபிடித்தது 2000இல். அந்தக் குடும்பக் கதை மருத்துவர் கேட்டுக் கண்டுபிடித்ததல்ல, அந்தப் பெண்ணே சொல்லித் தெரிந்தது. எனக்கு இதில் பிடித்த இடமே அதுதான்.

பிறகு இந்தக் குடும்பங்கள் ஆய்வுக்கும் வந்தன. ஆஸ்பிரின் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க, பிரிட்டிஷ் மரபியல் மருத்துவர் ஜான் பர்ன் தலைமையில் நடந்த கேப்2 ஆய்வில் லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ள 861 பேர் சேர்ந்தார்கள். தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்கள் 427 பேர், வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 434 பேர். மாத்திரை சராசரியாக இரண்டு வருடம்தான். கண்காணிப்பு சராசரியாகப் பத்து வருடம். பெருங்குடல் புற்றுநோய் வந்தது முதல் பிரிவில் 40 பேருக்கு, இரண்டாவதில் 58 பேருக்கு. இதைப் படித்துவிட்டு நீங்களாக ஆஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

ஜீனில் பழுது இருந்தால் புற்றுநோய் வந்தே தீரும் என்றில்லை. 20-25 வயதிலிருந்து ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி (குழாய் கேமராவால் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தால், குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதையான பாலிப்பைப் புற்றுக்கட்டியாக மாறும் முன்பே எடுத்துவிட முடியும். வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தட்டிப்போகும் என்று மறைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோபம் வருவதில்லை, அந்தப் பயம் பொய்யானதும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கே தெரியாமல் மறைப்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்ததும் பயாப்சியின் மெழுகு பிளாக்கை (மெழுகில் பதித்த சதைத் துண்டு) கொடுத்தால் பத்திரமாக வையுங்கள். லிஞ்ச் சிண்ட்ரோமாக இருக்குமா என்று பார்க்கும் முதல் பரிசோதனையை அதிலேயே செய்துவிடலாம்.

அத்தை கிளம்பும்போது கேட்டார்: "திருப்பூர்ல இவன் சித்தப்பா பையன் இருக்கான், அவன்கிட்டயும் சொல்லணுங்களா?"

"இவரோட ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்மா. அப்புறம் அவரையும் கூட்டிட்டு வாங்க."