மனையைச் சமன்படுத்தும் முன் ஒரு வேண்டுகோள்

மழலையர் பள்ளி கட்ட வேண்டும் என்று வருபவர்களில் பலர், மரங்களை வெட்டி மேடு பள்ளங்களை நிரவிவிட்ட பிறகே கட்டட வடிவமைப்பாளரான என்னிடம் வருகிறார்கள். என் வேலையை எளிதாக்கியதாக நினைக்கிறார்கள். உண்மையில், எவ்வளவு செலவழித்தாலும் திரும்பக் கிடைக்காததை இழந்துவிட்டு வருகிறார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டடி மேடு ஒரு மலை. ஏறவும் உருளவும் ஒளியவும் அது போதும். பிறகு அந்த இடத்தில் பிளாஸ்டிக் சறுக்குமரம் வாங்கி வைக்கிறோம்.

மரத்தைக் காப்பது என்றால் அடிமரத்தைச் சுற்றிச் சிறு வட்டம் விடுவது அல்ல. நீரை உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் பரவியிருக்கும். அங்கே மண் கொட்டி உயர்த்தினாலோ, லாரி ஓடி மண் இறுகினாலோ வேருக்குக் காற்று கிடைக்காது. பள்ளி திறந்து சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். அப்போது யாரும் அந்த லாரியை நினைப்பதில்லை. அஸ்திவாரம் தோண்டும் முன்பே மரத்துக்கு வேலி போட்டுவிடுங்கள்.

ஜப்பானின் தாச்சிகாவா நகரில் 2007இல் கட்டி முடிக்கப்பட்ட ஃபுஜி மழலையர் பள்ளியில், மனையில் நின்ற மூன்று பெரிய செல்கோவா மரங்கள் நீள்வட்டக் கூரையின் வழியே மேலெழுகின்றன. கூரைத் திறப்புகளில் வலை கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதில் ஏறி விளையாடுகிறார்கள். கூரையே ஓடியாடும் திடல். கட்டட வடிவமைப்பாளர்களான தெசூகா தம்பதியரின் அந்த வடிவமைப்பில் நான் பெரிதும் மதிப்பது, வளைந்த வடிவத்தை அல்ல, மரங்களுக்குக் கொடுத்த இடத்தை.

கட்டுமானப் பொருளிலும் இதே கவனம் வேண்டும். நாம் கண்ணால் பார்க்கும் சுவரைக் குழந்தைகள் தொடுகிறார்கள், சாய்கிறார்கள், நக்கியும் பார்க்கிறார்கள். செங்கல்லின் சொரசொரப்பு, மரத்தின் வெதுவெதுப்பு, கல்லின் குளிர்ச்சி எல்லாம் அவர்களுக்குப் பாடம். அவற்றை மூடிப் பளபளக்கும் பெயின்ட் அடிப்பது எனக்கு உடன்பாடில்லை. அடித்தே ஆக வேண்டுமானால், ஈயம் இல்லாத பெயின்ட் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஈயம் குழந்தையின் வளரும் மூளையைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. ஒட்டுப்பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு எவ்வளவு வெளியேறுகிறது என்பதையும் விசாரியுங்கள்.

மண் சுவர் அறையின் ஈரப்பதத்தைச் சீராக்கும். ஆனால் மழைச்சாரல் படாதபடி உயர்ந்த அடித்தளமும் அகன்ற கூரை நீட்சியும் இல்லாவிட்டால் அது கரையும். டைல்ஸ் தரையும் வெறும் கான்கிரீட் கூரையும் சேர்ந்தால் அறை எதிரொலிக்கும். சொற்களை இப்போதுதான் பிரித்தறியப் பழகும் பிள்ளைக்கு ஆசிரியரின் பேச்சு கலங்கிக் கேட்கும். கூரையின் அடியில் ஒலி உறிஞ்சும் பலகைகளுக்கு மதிப்பீட்டிலேயே பணம் ஒதுக்குங்கள். செலவைக் குறைக்கும் பேச்சு வரும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான்.