அசைவுக் கட்டுப்பாடு: ஓர் உருபு தொலைந்த கதை

'மோஷன் கன்ட்ரோல்' என்ற தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அசைவுக் கட்டுப்பாடு' வருகிறது. விலைக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அது என்ன சொல்கிறது? 'அசையாதே' என்கிறது. கையை வீசி ஆடச் சொல்லும் வீடியோ விளையாட்டுக் கருவிக்கு இப்படி ஒரு பெயர்!

கோளாறு, வேற்றுமை உருபு மறைந்து நிற்கும் தொகையில் இருக்கிறது. 'பால் பருகினான்' என்றால் பாலைப் பருகினான். 'தலை வணங்கினான்' என்றால் தலையால் வணங்கினான். உருபு மறைந்தாலும் பொருள் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'அசைவுக் கட்டுப்பாடு' காட்டிக்கொடுப்பதில்லை. அசைவைக் கட்டுப்படுத்துவதா, அசைவால் கட்டுப்படுத்துவதா? ஆங்கிலத் தொடருக்கும் இந்த இரட்டை முகம் உண்டு. தொழிற்சாலைப் பொறியாளருக்கு அது இயந்திரக் கையின் நகர்வை ஆளும் நுட்பம். விளையாடுபவருக்குக் கையசைவால் திரையை ஆளும் நுட்பம்.

'கன்ட்ரோல்' பிறந்த இடம் கணக்கறை. இடைக்கால லத்தீனில் 'கோன்ட்ராரோட்டுலுஸ்' என்றால் எதிர்ச்சுருள்: மூலக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வைத்திருந்த இரண்டாம் ஏடு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் சரிபார்த்தல், அடக்குதல், இயக்குதல் என்று பொருள் விரிந்தது. நம் 'கட்டுப்பாடு' கட்டிப்போடுவதிலேயே நின்றுவிட்டது. இயக்குதலுக்கு நம்மிடம் வேறு சொல் இருக்கிறது: ரிமோட்டைத் 'தொலையியக்கி' என்கிறோம் அல்லவா? அதே அச்சில் வார்த்தால் கருவி 'அசைவியக்கி'. முறையை 'அசைவியக்கம்' எனலாமா என்றால், இயக்கம் என்பதே அசைவையும் குறிப்பதால் கூறியது கூறலாகிறது. 'அசைவால் இயக்குதல்' என்று உருபை வெளிப்படையாகவே வைத்துக்கொள்வது மேல். நீளம்தான், பரவாயில்லை.

'சைகை' என்ற சொல்லும் இங்கே போட்டிக்கு வரும். அது பிழையல்ல, வேறு பொருள். சைகை முடிந்த பிறகு புரிந்துகொள்ளப்படுவது. அசைவு நடக்கும்போதே பின்தொடரப்படுவது. நிண்டெண்டோ 2006இல் வெளியிட்ட 'வீ' என்ற விளையாட்டுக் கருவியின் கைக்கருவி, வீச்சை, வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானியால் மட்டுமே அறிந்தது. டென்னிஸ் ஆட்டத்தில் தோளிலிருந்து மட்டையைச் சுழற்றினாலும், சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலும் பந்து திரும்பிப் போய்விடும். வீசியாயிற்று என்ற செய்திதான் கருவிக்குப் போய்ச் சேர்ந்தது. அது சைகை. 2009இல் மோஷன்பிளஸ் என்ற இணைப்புக் கருவி திரும்புவதை அளக்கும் சுழல்மானியைக் கொண்டுவந்த பிறகே திரையிலிருந்த வாள் கையோடு கூடத் திரும்பியது. அது அசைவு.

வீக்கு ஒரு நல்ல வாரிசை வடிவமைக்க நினைப்பவர் இந்த இரண்டில் எது வேண்டும் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். என் கட்சி அசைவு. வீக்கு அடுத்து 2012இல் வந்த 'வீ யூ' 6.2 அங்குலத் திரையைக் கையில் கொடுத்துக் கண்ணைக் கீழே இழுத்தது. பெயரோ, இது பழைய கருவியின் துணைப்பொருள்தானே என்று பலரை எண்ண வைத்தது. வீ 10 கோடிக்கும் மேல் விற்றது. வீ யூ சுமார் 1.36 கோடியில் நின்றது. அதற்கும் அடுத்து 2017இல் வந்த 'ஸ்விட்ச்' கருவியின் கைக்கருவிகள் இரண்டிலும் முடுக்கமானியும் சுழல்மானியும் இருந்தன. ஆனால் வீயின் கைக்கருவி திரையில் எங்கே நோக்குகிறது என்று அறிய உதவிய 'சென்சார் பார்' போய்விட்டது.

இந்தப் பெயரை 'உணரிப் பட்டை' என்று பெயர்த்தால் பிழையையும் சேர்த்தே பெயர்க்கிறோம். தொலைக்காட்சியின் மேலோ கீழோ வைத்த அந்தப் பட்டை எதையும் உணரவில்லை. அதன் இரு முனைகளிலும் இருந்தவை வெறும் அகச்சிவப்பு விளக்குகள். அவற்றைப் பார்க்கும் கேமரா கைக்கருவியின் மூக்கில் இருந்தது. பட்டைக்குப் பதிலாக இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தாலும் வேலை நடக்கும். நான் இதைக் 'கலங்கரைப் பட்டை' என்பேன். கலங்கரை விளக்கம் கப்பலைப் பார்ப்பதில்லை, கப்பல்தான் அதைப் பார்க்கிறது.

அது போனதால் என்ன நட்டம்? சுழல்மானி திரும்பும் வேகத்தை மட்டுமே சொல்லும். திசையைக் கூட்டிக் கூட்டித்தான் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு கூட்டலிலும் சிறு பிழை சேரும். மேல்கீழ்ச் சாய்வில் சேரும் பிழையை, புவியீர்ப்பை அறியும் முடுக்கமானி திருத்திவிடும். இடவலத் திருப்பத்துக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. அதனால்தான் ஆடிக்கொண்டிருக்கும்போதே, நாம் நோக்கும் இடத்தைத் திரையில் காட்டும் குறிமுள் மெல்ல ஓரத்துக்கு நழுவுகிறது. பொத்தானை அழுத்தி அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வாரிசுக் கருவியில் சுழல்மானியும் கலங்கரைப் பட்டையும் சேர்ந்தே இருக்க வேண்டும். சுழல்மானி எழுதிக்கொண்டே போகும் கணக்குக்கு, சுவரோரம் அசையாமல் நிற்கும் அந்த இரண்டு விளக்குகள்தான் எதிர்ச்சுருள்.