குடியை விட்டவருக்கும் ஒரு செட்டு வேண்டும்

குடியை நிறுத்துவது பலருக்கு அவ்வளவு கஷ்டமாக இருப்பதில்லை. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டு 48 நாள் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பவர்களைக் கடலூரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே கடை வாசலில் நிற்பவர்களும் அவர்களில் உண்டு. கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவர்கள் கதையும் இதேதான். “மன உறுதி இல்லாத ஆளு” என்று வீட்டில் திட்டுவார்கள். 48 நாள் இருந்து காட்டியவரை அப்படிச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. மாலையோடு இருந்தபோது குருசாமி இருந்தார், பஜனை இருந்தது, கூடவே விரதம் இருந்த பத்துப் பேர் இருந்தார்கள். மாலை இறங்கியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. மிஞ்சுவது பழைய செட்டு.

போதை மீட்பில் வேலை செய்யும் மனநல சமூகப் பணியாளராக நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். குடியை விடுகிறவர் பாட்டிலோடு சேர்த்து, வேலை முடிந்து போய் உட்காரும் இடத்தையும் மனசுவிட்டுப் பேசும் ஆட்களையும் விட வேண்டியிருக்கிறது. வீட்டிலோ இன்னும் நம்பத் தொடங்கியிருக்க மாட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் எங்கே போவார்? குழு சிகிச்சை கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

அதற்கு முன் முக்கியமான ஒன்று. தினமும் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு ஆள் தெரியாத குழப்பம் வரும். உடம்பில் பூச்சி ஊர்கிறது, மூலையில் யாரோ நிற்கிறார்கள் என்பார்கள். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப்போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்தால் இந்த நாட்களைப் பெரும்பாலோர் பத்திரமாகத் தாண்டிவிடுவார்கள். குழுவுக்கு வருவதெல்லாம் அப்புறம்தான்.

சரி, குழுவில் என்னதான் நடக்கும்? எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது, ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடக் கூடாது, போதையில் வந்தால் அன்று உட்கார முடியாது. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார். ஆனால் நன்றாக நடக்கிற குழுவில் அவர் குரல்தான் குறைவாகக் கேட்கும்.

ஏன் என்று காட்ட ஒரு சம்பவம் சொல்கிறேன், ஆள் அடையாளத்தை மாற்றி. புதிதாக வந்த ஒருவர், கம்பெனி வேலைக்காரர், “நான் அளவாத்தான் சார் குடிப்பேன், வீட்ல பெருசாக்கிட்டாங்க” என்று ஆரம்பித்தார். இந்த வரியை எதிர்த்து நான் எவ்வளவு பேசினாலும் அவர் அசைய மாட்டார். எதிரே இருந்த படகுக்காரர் சத்தம் போடாமல் கேட்டார்: “காலைல டீ கிளாஸை ஒரு கையால பிடிப்பியா தம்பி, ரெண்டு கையாலயா?” அவர் பதில் சொல்லவில்லை. மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தார். “நான் துண்டைக் கழுத்துல போட்டு, ஒரு முனையோட கிளாஸைச் சேத்துப் புடிச்சு, மறு முனையை இழுத்து இழுத்துத்தான் வாய்க்குக் கொண்டுபோவேன்” என்றார் படகுக்காரர். யாரும் சிரிக்கவில்லை, இரண்டு பேர் தலையாட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, “காலைல ஒரு கட்டிங் போட்டாத்தான் நடுக்கம் நிக்கும்” என்றார் புதியவர். அதுவரை மனைவியிடம்கூட அவர் சொல்லாத விஷயம் அது.

அன்று பலன் பெற்றது புதியவர் மட்டும் இல்லை, தன் கதையைச் சொன்ன படகுக்காரரும்தான். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர், குடியை விட்டு ஐந்து மாதமான நிலையில், தேடிப்போன வியாபாரம் கெட்டுப்போய் ஓட்டலில் தனியாக நின்றார். மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில் அவர் தேடியது பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியை. கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற டாக்டர். ‘ஏ.ஏ.’ என்று நம் ஊரிலும் அறியப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அங்கேதான் பிறந்தது. ஏ.ஏ. கூட்டத்தில் டாக்டரோ ஆலோசகரோ கிடையாது, கட்டணமும் கிடையாது, மீண்டவர்களே நடத்துவார்கள். குழு சிகிச்சைக்கு வந்துகொண்டே ஏ.ஏ.வுக்கும் போகலாம். போகச் சொல்லித்தான் நான் அனுப்புகிறேன்.

எங்கள் பக்கத்துக்கென்று சில சோதனைகள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்களுக்குக் கடல் வேலை இல்லை, கையில் காசும் இல்லை, பொழுதும் போகாது. குழுவுக்கு அவர்கள் தவறாமல் வர வேண்டிய மாதங்கள் அவை. அடுத்தது எல்லை. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் முள்ளோடையில் புதுச்சேரிக் கடைகள் தொடங்கிவிடும்; தமிழ்நாட்டில் இல்லாத சாராயக்கடைகூட அங்கே உரிமத்தோடு நடக்கிறது. தினமும் அந்த வழியில் வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு, குழுவே உட்கார்ந்து வழி கண்டுபிடித்தது. சம்பளம் மனைவி கணக்குக்குப் போனது. சட்டைப் பையில் பஸ் காசு மட்டும். திரும்பும்போது புதுச்சேரிப் பக்கம் கன்னியக்கோயில் வந்ததும் குழுவில் ஒருவருக்கு போன் போட்டு, கடலூர்ப் பக்கம் தென்பெண்ணைப் பாலம் தாண்டும்வரை பேசிக்கொண்டே வருவார். குடிக்கும் வேட்கை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும் என்று நான் சொன்னதை அவர்கள் பஸ் நிறுத்தங்களாக மாற்றிக்கொண்டார்கள்.

சாவு வீடு, கல்யாண வீடு, காணும் பொங்கல் எல்லாவற்றுக்கும் இப்படி ஒத்திகை பார்ப்போம். ஒருவர் மச்சானாக நடித்து “ஒண்ணே ஒண்ணுடா” என்று வற்புறுத்துவார். மறுப்பவர் விளக்கம் கொடுக்கத் தொடங்கினாலே மாட்டிக்கொள்வார் என்பதை அதைச் செய்துபார்க்கும்போதுதான் புரிந்துகொள்வார்கள். “மாத்திரை சாப்பிடறேன், குடிச்சா ஆகாது” என்று சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகர்வதுதான் அதிகம் பலிக்கிறது.

சறுக்கல் வரும். அப்போது வெட்கத்தில் குழுவுக்கு வராமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. தெளிந்த பிறகு வாருங்கள், யாரும் விரட்ட மாட்டார்கள்.

குழு என்ற பெயரில் வரிசையாக நிற்கவைத்து அவமானப்படுத்துவதும், அடிப்பதும், வேனில் வந்து ஆளைத் தூக்கிப்போவதும் சிகிச்சையே அல்ல. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புக்கும் பொருந்தும். மையம் பதிவு பெற்றதா, மனநல மருத்துவர் வருகிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

வீட்டாருக்கு ஒன்று. குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் ‘குடி மறக்கும் மாத்திரை’ கலப்பது இன்னும் நடக்கிறது. அது, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். மனைவிமார், அம்மாக்களுக்கும் தனியாகக் குழுக்கள் உண்டு. 1951-இல் தொடங்கிய அல்-அனான் அப்படிப்பட்டது. “நான் ஏதோ தப்புப் பண்ணினதாலதான் அவர் குடிக்கிறார்” என்று வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்த பெண், பக்கத்தில் இருப்பவரும் அதையே சொல்லக் கேட்கும் நாள் அவருக்குப் பெரிய விடுதலை.

கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மர், இரண்டிலும் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். போனில் பேச 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரண்டுமே இலவசம். அவர் வர மறுத்தால் வீட்டிலிருந்து நீங்கள் மட்டும் முதலில் வாருங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை எழுதிக்கொண்டு வந்தால் போதும்.