ராத்திரியில் மட்டும் எடுக்கிற தூரத்து நிலையங்கள்

தாத்தாவின் பழைய மீடியம் வேவ் ரேடியோவைப் பழுது பார்த்த ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பகலில் உள்ளூர் நிலையம் மட்டும்தான் எடுக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தெரியாத பாஷையில் எல்லாம் பேசுகிறார்கள். ஏன்?"

குமிழைத் திருப்பினால் சுழலும் காங் கண்டன்சரும், பெட்டிக்குள் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் ராடில் சுற்றிய கம்பிச்சுருளும் அலைவரிசையைப் பிடிக்கும், டயோடு பேச்சைப் பிரித்தெடுக்கும். இதெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான். ராத்திரிக் கூத்து நடப்பது தலைக்கு மேலே.

தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வெயில் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போடுகிறது. இதுதான் டி அடுக்கு. மேலே போகும் வானொலி அலை அந்த எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. அங்கே காற்று ஓரளவு அடர்த்தி. ஆடும் எலக்ட்ரான் பக்கத்து அணுவில் மோதி, வாங்கிய ஆற்றலை வெப்பமாகத் தொலைத்துவிடும். அலை அங்கேயே செத்துப்போகிறது. சூரியன் மறைந்ததும் எலக்ட்ரான்கள் சீக்கிரமே அயனிகளோடு சேர்ந்துவிடுவதால் அந்த அடுக்கு கலைகிறது. இன்னும் மேலே காற்று மெலிசு, மோதல் குறைவு. அங்குள்ள எலக்ட்ரான்கள் இரவிலும் மிஞ்சி, அலையைப் பூமிக்கே திருப்புகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி அது உங்கள் பெட்டிக்கு வருகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதை நிரூபித்த விதம். 1924 டிசம்பரில் ஆப்பிள்டன், பார்னெட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், நிகழ்ச்சிகள் முடிந்த நள்ளிரவுக்குப் பின் பிபிசியின் போர்ன்மத் ஒலிபரப்பியை இரவல் வாங்கிக்கொண்டு, அலைநீளத்தை மெதுவாக மாற்றச் சொன்னார்கள். ஆக்ஸ்போர்டில் தரைவழி வந்த அலையும் வான்வழி வந்த அலையும் சேர்ந்து, சிக்னல் கூடிக் கூடிக் குறைந்தது. அந்த ஏற்ற இறக்கங்களை எண்ணியே, அலை திரும்பும் உயரம் 100 கிலோமீட்டர் அளவில் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆப்பிள்டனுக்கு 1947இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதனால் என்ன லாபம் என்று கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டுகிறவர்கள் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ராக்கெட் ஏவுதளம் இருக்கும் தும்பாவை நினைத்துப் பார்க்க வேண்டும். பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், இந்த மேல்வளியை ஆராயத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் விண்வெளிப் பயணமே 1963இல் அங்கிருந்துதான் கிளம்பியது.

வாசகருக்கு ஒன்று: ராத்திரியில் குரல் மெல்ல அமுங்கி, மெல்ல எழும்பினால் சாலிடர் விட்டிருக்கிறது என்று பெட்டியைப் பிரிக்காதீர்கள். உள்ளூர் நிலையத்துக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே சத்தம் சீராக இருந்தால் பெட்டியில் கோளாறு இல்லை, அது வான்வழி அலையின் ஏற்ற இறக்கம்தான். கரகரப்புக்குப் பெரும்பாலும் எல்இடி பல்பும் போன் சார்ஜரும்தான் காரணம். அவற்றை அணைத்துவிட்டு, பேட்டரி போட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பெட்டியை மெதுவாகத் திருப்புங்கள். ஃபெரைட் ராடின் முனை எந்த நிலையத்தை நோக்குகிறதோ அது அமுங்கி, அதன் சத்தத்தில் மறைந்திருந்த இன்னொன்று கேட்கும்.