டே கேர் பார்க்க மாலை 5 மணிக்குப் போங்கள்

பள்ளி விட்ட பிறகு குழந்தையை எங்கே விடுவது என்று தேடும் பெற்றோர், ஏசி உண்டா, கேமரா உண்டா, அபாகஸ் சொல்லித் தருவார்களா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். பள்ளி வாசலிலிருந்து டே கேர் வாசல் வரை குழந்தை யார் பொறுப்பில் வருகிறது என்பதைப் பலர் கேட்பதில்லை. குழந்தை மருத்துவராக நான் முதலில் கேட்கச் சொல்வது அதைத்தான். வேன் ஓட்டுநர் குழந்தையைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகிறாரா, உள்ளே ஒருவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குகிறாரா, குழந்தை வந்து சேராவிட்டால் எத்தனை நிமிடத்தில் உங்களுக்குப் போன் வரும் என்பவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தை அத்துடன் விட்டுவிடலாம்.

50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் விதித்தது. ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் பள்ளிக்குச் செல்லாத சிறு குழந்தைகளுக்கே பயன்படுவதால், ஒன்றாம் வகுப்புக்கு மேல் தனியார் டே கேரே கதி என்றாகிறது.

அதை நேரில் பார்க்கக் காலை 11 மணிக்குப் போனால், தூங்கும் மழலையரையும் பெருக்கித் துடைத்த தரையையும்தான் காண்பீர்கள். மாலை 5 மணிக்குப் போங்கள். பள்ளிப் பிள்ளைகள் பசியோடு வந்திருப்பார்கள், பகல்நேர ஆயா கிளம்பியிருப்பார். அப்போது எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டிலேயே நடத்தும் இடமென்றால், அந்த நேரத்தில் அங்கு வந்து போகும் உறவினர், டியூஷன் பையன்கள் யார் யார் என்றும் தயங்காமல் கேளுங்கள். கேமரா எல்லா அறையிலும் இருக்காது.

கழிப்பறைக்குள் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். பள்ளிக் கழிப்பறை பிடிக்காமலும், டே கேரில் கேட்கக் கூச்சப்பட்டும், காலை முதல் இரவு வரை அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் குழந்தைகள், சிறுநீர்த் தொற்றோடும் மலச்சிக்கலோடும் என்னிடம் வருகிறார்கள். வயிற்றுவலி என்று சொல்லித்தான் அழைத்து வருவார்கள். தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, போவதற்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டுமா என்பதே அங்கு பார்க்க வேண்டியது.

காலை 7 மணிக்கே விட்டுச் செல்பவர்கள், டிபனை ஊட்டி முடித்துப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் தேவை; இரவு 8 மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் டே கேரிலேயே முடிந்திருந்தால்தான் அது கிடைக்கும். அபாகஸ் அப்புறம்.

சேர்த்த பிறகு, போகமாட்டேன் என்று குழந்தை திடீரென அழுதால் அடம் என்று ஒதுக்காமல், அன்று யாரோடு இருந்தது என்று பொறுமையாகக் கேளுங்கள். தவறாக ஏதேனும் நடந்ததாகச் சந்தேகம் வந்தால், டே கேர் நடத்துபவரிடம் பஞ்சாயத்து பேசிக்கொண்டிருக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் தெரிந்தும் புகார் தெரிவிக்காமல் மறைப்பது குற்றம்.