வறட்சியிலும் தோட்ட வீட்டுக்குத் தண்ணீர்: சட்டம் 446 என்ன சொல்கிறது?

"மழையே இல்லை, நாங்கள் என்ன செய்ய?" என்று தோட்ட ஆபீசில் கைவிரித்தால் அது பேச்சுக்குச் சரி, சட்டத்துக்குச் சரியில்லை. தொழிலாளர் குடியிருப்புக்கும் வசதிகளுக்கும் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் தோட்ட வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாகத் தரவேண்டும். அது தோட்ட நிர்வாகியான துரை பார்த்துச் செய்யும் தயவு அல்ல, கடமை. திருத்தப்பட்ட சட்டம் 1.6.2020 முதல் நடப்பில் உள்ளது. தோட்டங்களைத் தாண்டி மற்றத் துறைகளின் தொழிலாளர் தங்குமிடங்களையும் அது இப்போது கட்டுப்படுத்துகிறது.

தண்ணீர் பொதுக் குழாயிலிருந்து வரவேண்டும் என்பது சட்டத்தின் முக்கியமான வரி. அதற்கு வழியே இல்லாத இடத்தில்தான் தொழிலாளர் இலாகாவின் அனுமதியோடு வேறு மூலத்தைப் பயன்படுத்தலாம். அந்தத் தண்ணீரையும் வடிகட்டிச் சுத்திகரித்துத் தரவேண்டும். வறட்சிக் காலத்தில் இந்த வரியின் அருமை தெரியும்.

கெடா மாநிலத்தின் பெடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் காய்ந்துவிடும். பசிபிக் கடல் சூடாகி நம் பக்கம் மழையைக் குறைக்கும் எல் நினோவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது அப்படி ஓர் ஆண்டில்தான். முதலில் மேல்மண் காயும். பிறகு தோட்டத்து ஓடையும் குளமும் வற்றும். அதற்கப்புறம்தான் ஆறு, கடைசியாக அணை. அதனால் குளத்துத் தண்ணீரை நம்பிய லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, முதல் அடி விழும். பொதுக் குழாய் உள்ள வீடு இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். மூடா ஆற்றை கெடாவும் பினாங்கும் பங்குபோடுகின்றன. ஆறு மெலியும்போது கெடாவின் சிக் வட்டாரத்தில் உள்ள பெரிஸ் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள்.

"நேற்றுதான் கொட்டியதே, இன்னும் ஏன் தட்டுப்பாடு?" என்று பலர் கேட்பதுண்டு. காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். அணையில் சேர்வது மிச்சம்தான். வெப்பம் கூடக்கூட ஆவியாகிப் போவதும் கூடுகிறது. அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை, ஊறாமல் கால்வாயோடு போய்விடுகிறது.

தண்ணீர் நின்றால் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அசையவில்லை என்றால் சுங்கைப்பட்டாணி தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். தொழிற்சங்க உறுப்பினர்கள் கிளைத் தலைவரையும் அழைத்துப் போவது நல்லது. தனி ஆளை அலையவிடுவது எளிது. தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) சொந்த வீட்டில் இருப்பவருக்கு 446 பொருந்தாது. அவர் கெடாவின் தண்ணீர் நிறுவனமான சாடாவிடம் புகார் செய்து, தீரவில்லை என்றால் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானுக்குப் போகவேண்டும்.

இடையில் கூரைத் தண்ணீரையும் பிடித்து வைக்கலாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் தகரக் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர். பீலி நேராக இருந்தால் பெரும்பகுதி தொட்டிக்கு வந்துவிடும். முதல் சில நிமிடத் தண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள். தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும். கக்கூசுக்கும் துணி துவைக்கவும் போதும், குடிக்க வேண்டாம். தொட்டி வாயை மெல்லிய வலையால் இறுக்கிக் கட்டுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு அதில் குஞ்சு பொரித்தால் சுகாதார இலாகா 500 ரிங்கிட் வரை அபராதம் போடும். அந்தப் பணத்தை முதலாளி கட்டமாட்டார்.