அகத்தியர் கடலைக் குடித்தது நம்மூர் வானத்துக்குப் பொருந்துமா?

பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கு, தெற்கே மறைப்பில்லாத குளத்தங்கரை ஒன்றில் ஏறி நில்லுங்கள். உச்சிக்குச் சற்றுத் தெற்கே பளீரென்று தெரிவது சிரியஸ். கையை நீட்டி, அதற்குக் கீழே மூன்றரை முஷ்டி அளந்தால் அகத்திய நட்சத்திரம், அதாவது கனோபஸ். இரவு வான விண்மீன்களில் பிரகாசத்தில் இரண்டாவது இதுதான்.

இது வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 52.7 பாகையில் இருக்கிறது. 90இலிருந்து இதையும் ஊரின் அட்சரேகையையும் கழித்தால் அதிகபட்ச உயரம் கிடைக்கும். திருநெல்வேலிக்கு (8.7) 28.6 பாகை. கயிலாயத்துக்கு (31) ஆறே சொச்சம். எதிரே ஒரு மலை இருந்தால் அதுவும் போச்சு.

சிவன் கல்யாணக் கூட்டத்தில் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர, சமப்படுத்த அகத்தியர் பொதிகைக்கு வந்தார் என்பது கதை. தெற்கே 111 கி.மீ. வந்தால் துருவ நட்சத்திரம் 1 பாகை தாழும், அகத்தியர் 1 பாகை ஏறுவார். வடக்கு தாழ்வதை வழிப்போக்கர்கள் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். ஆனால் கதையில் அவர் வந்ததும் பூமி சமமாகிறது; வானத்திலோ வரவர இன்னும் சாய்கிறது. பாதிதான் ஒத்துப்போகிறது.

இந்த விண்மீன் விந்தியத்தில் முதன்முதலில் தெரிந்த காலமே முனிவர் அதைக் கடந்த காலம் என்று, அயன சலனத்தை (பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் விண்மீன்களின் இடம் நகர்வதை) வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறவர்களும் உண்டு. கி.மு. 3000 வாக்கில் அகத்தியர் இன்றைக்கு இருப்பதைவிட மூன்று பாகை தெற்கே இருந்தார்; அப்போதே விந்தியத்தில் பத்துப் பாகை உயரத்தில் தெரிந்திருப்பார். ஆக, முதன்முதலில் தெரிந்த காலத்தை அதற்கும் வெகு முன்னே தேட வேண்டும். அங்கே 1 பாகைப் பிழை ஏறக்குறைய 300 ஆண்டைப் புரட்டிவிடும். அடிவானத் தூசியே மூன்று பாகையை விழுங்கும். இந்தத் தேதிகளை நம்ப முடியாது.

அசுரர்கள் ஒளிந்திருந்த கடலை அகத்தியர் குடித்து வற்றவைத்தார் என்ற கதைதான் சுவையானது. ஆண்டுதோறும் சில காலம் சூரிய ஒளியில் மறையும் அகத்தியர், பிறகு விடியலில் தென்கிழக்கில் தலைகாட்டுவார். டெல்லியில் அது செப்டம்பர் முதல் பாதி. மழை ஓயும் காலம். அவர் உதிக்க நீர் தெளிகிறது என்று ரகுவம்சத்தில் காளிதாசர் சொல்வது வடக்குக்கு அச்சாகப் பொருந்தும். தெற்கே வரவர உதயம் முந்தும். திருநெல்வேலியில் ஆடி நடுவிலேயே வந்துவிடுவார். குற்றாலத்தில் சாரல் களைகட்டியிருக்கும். ஐப்பசியில் இரவு பதினொன்றரைக்கே எழுந்துவிடுவார், ஆனால் அடைமழை அப்போதுதான் தொடங்கும், பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணீரும் அதில்தான். குடித்தவர் என்ற கதை இங்கே ஒட்டாது. பொருநையை, அதாவது தாமிரபரணியைக் கொண்டுவந்தவர் என்று இந்தப் பக்கம் சொல்வதுதான் பருவத்தோடு சேர்கிறது.

ஆடி உதயத்தைப் பார்க்க, சூரியன் எழ முக்கால் மணி முன்பே நிற்க வேண்டும். உயரம் இரண்டு விரற்கடைதான். மேகம் மறைத்தால் மறுநாள் பாருங்கள். நாளுக்கு நாலு நிமிடம் முந்தி எழுவதால் ஒரு வாரத்தில் தெளிவாகிவிடும். அம்பாசமுத்திரத்தில் உதயத்துக்குத் தடையில்லை. சித்திரை மாலையில் அவர் மறைவதைப் பார்க்கப் போனால்தான், தென்மேற்கு மலைவிளிம்பு கணக்கிட்ட நேரத்துக்கு முன்பே மறைத்துவிடும்.